வாசிப்பவர் ஆசிரியர், கேட்பவர் மாணவர்

2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் முதல் பாடம் ஏ.ஜே. குரோனின் எழுதிய ‘டூ ஜென்டில்மேன் ஆஃப் வெரோனா’. வெரோனா நகரத்தில் இரண்டு சிறுவர்கள் காட்டு ஸ்ட்ராபெரி விற்கிறார்கள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள், பேப்பர் விற்கிறார்கள், வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். காசு வரத்தான் செய்கிறது. ஆனால் உடுப்பு கிழிந்தது, சாப்பாடு கறுப்பு ரொட்டியும் அத்திப்பழமும். அப்படியென்றால் பணம் எங்கே போகிறது? என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கதைசொல்லி கேட்டால் மூத்தவன் நிக்கோலா பிடிகொடுக்காமல் பேசுகிறான். சின்னவன் ஜாக்கப்போ பொறுக்கமாட்டாமல், கிராமம் ஒன்றுக்குக் காரில் கொண்டுவிட முடியுமா என்று கேட்டதும் அண்ணன் அவனை முறைக்கிறான். அந்த முறைப்பு எதற்கு என்று வாசகர் யோசிக்கத் தொடங்கும் இடம்தான் கதையின் உயிர். விடை கடைசிப் பகுதியில், ஒரு மருத்துவமனையில் கிடைக்கிறது.

நம் வகுப்புகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த விடை முதல் நாளே கிடைத்துவிடுகிறது. அக்காவுக்கு முதுகெலும்பில் காசநோய், அவளுக்காகத்தான் இரண்டு பேரும் பாடுபடுகிறார்கள் என்று தமிழில் கதைச்சுருக்கம் சொன்ன பிறகுதான் பாடமே தொடங்கும். ஆசிரியர் ஒரு பத்தியை வாசிப்பார், வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்வார், கடினச் சொற்களுக்குக் கரும்பலகையில் அர்த்தம் எழுதுவார். பிள்ளைகள் புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். கடைசியில் புக் பேக் கேள்விகளுக்கு விடை. எங்கள் பத்மநாபபுரம், தக்கலை வட்டாரமானாலும் சரி, தமிழ்நாட்டின் வேறு மூலையானாலும் சரி, மேல்நிலை வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்துவதென்றால் பெரும்பாலும் இதுதான். இந்த முறையை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இதற்கு வாசிப்புப் பயிற்சி என்று பெயர் சூட்டுவதையும் ஏற்க முடியாது.

முதலில் இதன் பலத்தைச் சொல்லவேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு, வீட்டில் ஆங்கிலத் தாள் எதுவும் வராத பிள்ளைக்கு, ஆங்கிலப் பக்கம் திறந்தவுடன் வருவது பயம். ஆசிரியரின் தமிழ் விளக்கம் அந்தப் பயத்தைப் போக்குகிறது. கதை புரிந்துவிட்டால் பிள்ளை வகுப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் வகுப்பில் ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் சைகையும் படமும் காட்டி, முடிவில் பாதிப் பேருக்குத் தவறான பொருள் போய்ச் சேர்வதைவிட, ஒரு தமிழ்ச் சொல்லில் முடித்துவிட்டு மேலே போவது எவ்வளவோ மேல். தாய்மொழியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் இருமொழி முறையை சி.ஜே. டாட்சன் 1960-களிலேயே முறைப்படி முன்வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பதுண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த மொழியில் சொன்னால் எடுபடும் என்று அறிந்து சொல்லும் ஆசிரியர்களின் திறமை சாதாரணமானதல்ல.

குறை எங்கே என்றால், இந்த ஏற்பாட்டில் வாசிக்கும் வேலை முழுவதையும் ஆசிரியர் செய்துவிடுகிறார். அச்சிட்ட வரியிலிருந்து பொருளைப் பிரித்தெடுப்பது, முன்வரியோடு பின்வரியைக் கோப்பது, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது, தவறாக ஊகித்திருந்தால் திரும்பிப் போய்ச் சரிபார்ப்பது எல்லாம் அவருடைய மனத்தில் நடக்கின்றன. பிள்ளைக்கு வந்து சேர்வது வாசித்து முடித்த பிறகு கிடைக்கும் கதை. அதைத் தமிழில் கேட்கிறார், தமிழில் புரிந்துகொள்கிறார், விடையை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார். இரண்டு ஆண்டு இப்படிப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவரிடம் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் முழிப்பது அவருடைய குற்றமல்ல. அந்த வேலையை அவர் செய்ததே இல்லை.

பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்கிறோமே என்று கேட்கலாம். ஆளுக்கொரு பத்தியாக எழுந்து நின்று உரக்க வாசிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அந்த நேரத்தில் வரிசையில் இருக்கும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து, அதை மட்டும் உதட்டுக்குள் உருட்டிக்கொண்டிருப்பார்கள். தன் முறை முடிந்ததும் புத்தகம் பேருக்குத் திறந்திருக்கும். உச்சரிப்பில் தட்டிவிடுவோமோ என்ற கவலையில் பொருள் மனத்தில் ஏறுவதில்லை. ஒலிப்பும் புரிதலும் வெவ்வேறு என்பதை 2023-ஆம் ஆண்டின் ஏசர் கல்வி நிலை ஆய்வும் காட்டியது. 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளில் ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களிலும் வாசித்ததற்குப் பொருள் சொல்ல முடிந்தவர்கள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர்தான். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 42 பேர். 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் எடுத்த கணக்கு அது.

இன்னொரு பெரிய குறை அளவு. ஒரு பாடத்தை நடத்த ஒன்று, இரண்டு வாரம் ஆகிறது. அதே பாடத்தைத் தானே மெதுவாக வாசித்தாலும் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும். ஆண்டு முழுவதும் நடத்தும் உரைநடை, துணைப்பாடம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு சிறு நாவலின் அளவைத் தாண்டாது. இவ்வளவு குறைவாக வாசித்து எந்த மொழியிலும் யாரும் வாசகராக முடியாது. துணையில்லாமல் ஒரு பிரதியைச் சரளமாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஹூ, நேஷன் இருவரும் 2000-ல் ஓர் ஆய்வில் கண்டார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். நம் பாடநூலிலோ ஒரு பத்திக்குள்ளேயே அதைவிட அதிகமாகப் புதுச்சொற்கள் வந்துவிடுகின்றன. ஆகவே தமிழ் விளக்கம் தவிர்க்க முடியாததாகிறது. விளக்கத்தையே நம்பியிருப்பதால் வாசிப்பு வளர்வதில்லை, அது வளராததால் அடுத்த பாடத்துக்கும் விளக்கம் வேண்டியிருக்கிறது.

எளிய நூல்களை நிறைய வாசிக்கக் கொடுப்பது ஒன்றே இதிலிருந்து வெளிவர வழி. இந்த யோசனை நம் துணைக்கண்டத்திலேயே பிறந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகளைக் கவனித்து 1926-ல் எழுதிய நூலில், இந்த நாட்டு மாணவருக்கு முதலில் தேவைப்படுவது ஆங்கில வாசிப்பே என்று வாதிட்டார். படிப்பைப் பாதியில் விட்டாலும் கைவசம் நிற்கும் பயன் அதுதான் என்பது அவர் கணக்கு. சொற்களை எண்ணிக் கட்டுப்படுத்தி அவர் எழுதிய படிநிலை வாசிப்பு நூல்கள் உலகமெங்கும் போயின. ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் எல்லி, மங்குபாய் இருவரும் ஒரு வகுப்புக்கு, பிள்ளைகள் விரும்பும் 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். அங்கே ஆடம்பரமான கருவி எதுவும் இல்லை. புத்தகமும் அதை வாசிக்க நேரமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாடும் முயலாமல் இல்லை. ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில் பாடம் கேட்பதற்குப் பதிலாக ரயில் நேர அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று மாணவரே யோசித்துச் சொல்லும்படியான வேலைகள் இருந்தன. சென்னை வட்டாரப் பள்ளிகளும் அதில் பங்கெடுத்தன. நடுநிலை வகுப்புகளுக்கு 2007 வாக்கில் வந்த படைப்பாற்றல் கல்வியில், பிள்ளை தானே பாடத்தை வாசித்து, புரியாத சொல்லுக்கு அடிக்கோடிட்டு, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்துச் சொல்லவேண்டும். வாசிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைத்தது அதன் பெருமை. வண்ணப் பென்சிலால் மனவரைபடம் போடுவதே பாடம் என்று பல இடங்களில் அது தேய்ந்ததும், மேல்நிலைக்கு வரும்போது பழைய விளக்கத்துக்கே திரும்பியதும் நமக்கு நேர்ந்த இழப்பு. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு தமிழ் நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும் அந்த ஏணி மேல்நிலை ஆங்கிலத்துக்கும் அப்படியே பொருந்தும்.

எதை வாசிக்கக் கொடுக்கிறோம் என்பதிலும் பாடநூலின் நிறைகுறை இரண்டும் தெரிகின்றன. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் தேநீர் போடுவதற்குப் பதினொரு விதி சொல்லி எழுதிய கட்டுரை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது. அருமையான உரைநடை. ஆனால் பாலைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கும் நம் பிள்ளைக்கு, தேநீர்க் கெண்டியை முன்கூட்டிச் சூடாக்குவதும், பாலை முதலில் ஊற்றுவதா பிறகு ஊற்றுவதா என்ற விவாதமும் மனத்தில் காட்சியாக விரிவதில்லை. அதே நூலில் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ ஆங்கிலமாகி வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த சப் ஜட்ஜ் முக்காலியோடு உருண்டு விழுவதும், ஆசையாகச் செய்த நாற்காலியை ஊரில் யார் இறந்தாலும் பிணத்தை உட்கார்த்தி வைக்கத் தூக்கிப்போவதும் நம் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படாத உலகம். தெரிந்த உலகம் தெரியாத சொல்லைத் தாங்கிப் பிடிக்கும்.

இதைப் பத்மநாபபுரத்திலேயே செய்து பார்க்கலாம். கொட்டாரத்தை, அதாவது இங்குள்ள அரண்மனையைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி இந்த ஊர்ப் பிள்ளையிடம் கொடுங்கள். மந்திரசாலையின் மைக்கா சன்னல், சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகியதாகச் சொல்லப்படும் பளபளத்த கருந்தரை, ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அரசின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது, 1956 நவம்பர் 1-ல் ஊர் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருப்பது என எல்லாம் அதில் வரட்டும். கரிக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை அந்தப் பிள்ளை அகராதி இல்லாமலே பிடித்துவிடும், ஏனென்றால் அந்தத் தரையில் நடந்து பழகிய பிள்ளை அது. சொல்லை ஊகிக்கும் துணிச்சல் இப்படிப்பட்ட பக்கங்களில்தான் பழகும். பிறகு ஆர்வெல்லின் தேநீருக்குப் போகலாம்.

மொழிப்பாடத் தேர்வை மாற்றாமல் வகுப்பு மாறாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. மேல்நிலை ஆங்கில எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. பாடநூலில் இல்லாத பத்தியைத் தந்து புரிதலைச் சோதிக்கும் கேள்விகளுக்கு அதில் சிறு பங்குதான். மற்றவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே விளக்கிய பாடத்திலிருந்து வருகிறது. அதனால்தான் தேர்ச்சி குறையக் கூடாதே என்ற நெருக்கடியில், மெல்லக் கற்போர் என்று பெயரிட்டவர்களுக்குக் குறைந்தபட்ச மெட்டீரியல் என ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து உருப்போட வைக்கிறோம். அதிகம் வாசித்துப் பழகவேண்டிய பிள்ளைக்கே மிகக் குறைவான வாசிப்பு வாய்க்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் வலிக்கும் அநியாயம் அதுதான்.

சீனாவின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே கல்லூரி நுழைவுக்கான காவ்காவ் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். வாசிப்புப் பத்திகள் எல்லாம் புதியவை. 2017-ஆம் ஆண்டின் உயர்நிலைப் பாடத்திட்டம், கட்டாயப் பாடநிலையில் வாரத்துக்குச் சராசரியாக 1,500 சொற்களாவது வகுப்புக்கு வெளியே வாசிக்கவேண்டும் என்கிறது. அங்கும் நோய் இல்லாமல் இல்லை. கேள்வியை முதலில் பார்த்துவிட்டு விடை இருக்கும் வரியை மட்டும் தேடிப் பிடிக்கும் பழக்கம் மாணவரை ஆட்டிவைக்கிறது. என்றாலும் முன்பின் காணாத ஒரு பக்கத்தின் முன் உட்கார்ந்து பழகாமல் அங்கே யாரும் பள்ளியைத் தாண்டுவதில்லை.

அந்தப் பழக்கத்தின் தேவை இங்கும் உண்டு. எங்கள் குமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்தது. இங்கிருந்து செவிலியர் படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகும் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 60 நிமிடத்தில் 40 கேள்வி. அதற்குத் தனியார் வகுப்பில் பணம் கட்டிப் பழகுவதைப் பள்ளியிலேயே காசில்லாமல் பழகியிருக்கலாம்.

தேர்வுத்துறையிடம் கேட்பது ஒன்று: 90-ல் 30 மதிப்பெண்ணையாவது பாடநூலில் இல்லாத பத்திகளுக்கு ஒதுக்குங்கள். தலைமையாசிரியர்களிடம் கேட்பது: வாரம் ஒரு பாடவேளையை மௌன வாசிப்புக்கு விடுங்கள், அதை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஆங்கில ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் சிறியது, அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாதது: அடுத்த பாடத்தைக் கதைச்சுருக்கம் சொல்லாமல் தொடங்குங்கள். முதல் இரண்டு பக்கத்தைப் பிள்ளைகளே பதினைந்து நிமிடம் வாசிக்கட்டும், புரிந்ததைத் தமிழிலேயே சொல்லட்டும். தமிழ் விளக்கத்தை அதற்குப் பிறகு கொடுங்கள், அவர்கள் கேட்ட இடங்களுக்கு மட்டும்.