பதிவேடும் புகழும்: ராபர்ட் கூவரின் நாவல் பற்றிய ஒரு திறனாய்வு

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் ஒரு பத்தாண்டைச் சில வீரர்களின் பெயரால் அழைப்பது வழக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அக்காலத்தில் அக்குழுவின் முகம் இவரே என்று நிறுவுவர். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்துக் குழு 1980 முதல் 1988 வரை ஐந்து முறை வாகை சூடியது. அந்த ஐந்து வெற்றிகளிலும் கரீம் அப்துல் ஜப்பாரும் மேஜிக் ஜான்சனும் சேர்ந்தே ஆடினர். மொத்தப் புள்ளிகளில் அதுவரை எவரும் எட்டாத உயரத்தை 1984இல் எட்டியவர் கரீம். ஆயினும் அப்பத்தாண்டின் பெயராகப் பலர் கூறுவது மேஜிக் ஜான்சனையே. அவ்வாறாயின், ஒரு காலத்தின் தலைமகனைத் தீர்மானிப்பது எண்ணா, கதையா?

இவ்வினாவை ஆராய மெய்யான ஆடுகளத்தைவிடக் கற்பனை ஆடுகளமே ஏற்றது எனலாம். ஆங்கு வீரனுக்கு உடல் இல்லை. பெயரும் எண்ணுமே அவன். அத்தகைய ஆடுகளம் ஒன்றை முழுமையாகப் படைத்துக் காட்டிய நாவல், அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கூவர் 1968இல் வெளியிட்ட 'யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்' ஆகும்.

கதைத்தலைவர் ஹென்றி வா ஐம்பத்தாறு வயதுக் கணக்கர், மணமாகாதவர். இரவுதோறும் தம் சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி, எட்டுக் குழுக்கள் கொண்ட ஒரு பேஸ்பால் கழகத்தை நடத்துகிறார். பகடை எண்ணுக்கு ஏற்ப என்ன நிகழும் என்பதை அவரே வகுத்த அட்டவணைகள் கூறும். இத்தகைய பகடை ஆட்டங்கள் முன்பே அமெரிக்காவில் விற்பனையாயின. ஆனால் அவற்றில் இடம்பெற்றோர் மெய்யான வீரர்கள். ஹென்றியின் வீரர்களோ முற்றிலும் அவர் மனத்தில் பிறந்தவர்கள். அவர்கள் ஆடுகின்றனர், ஓய்வு பெறுகின்றனர், தேர்தலில் நிற்கின்றனர், மூத்து இறக்கின்றனர். அனைத்தையும் ஹென்றி பேரேடுகளில் எழுதி வைக்கிறார். மெய்யான ஆட்டத்தைக் காண்பதில் அவருக்கு நாட்டமில்லை. தனியாளுக்கும் குழுவுக்கும், திறனுக்கும் வாய்ப்புக்கும் இடையே பதிவேடு காட்டும் சமநிலையே அவரை ஈர்க்கிறது.

இக்கழகத்தில் முன்னொரு காலம் 'பிராக் ரதர்ஃபோர்டின் காலம்' எனப் போற்றப்பட்டது. பயனியர்ஸ் குழுவின் பந்தெறிபவனாகப் பல பருவங்கள் ஆடி, எண்களால் அப்பெயரை ஈட்டியவன் பிராக். அவன் மகன் டேமனோ புதியவன். ஆடிய ஆட்டங்கள் மிகச் சில. நாவலின் தொடக்கத்தில் அவன் ஒரு முழுநிறைவான ஆட்டத்தை எறிகிறான். எதிர்க்குழுவின் மட்டையாளர் இருபத்தெழுவரில் ஒருவரும் தளத்தை எட்டவில்லை. சலித்துப் போயிருந்த ஹென்றியின் உள்ளம் மீண்டும் தளிர்க்கிறது. பகடையை உருட்டுபவர், பகடையால் பிறந்த ஒருவன்மீது பாசம் கொண்டுவிடுகிறார். நாவலின் சிக்கல் இங்கே பிறக்கிறது.

தந்தை பிராக்கைச் சிறப்பிக்கும் நாளில் டேமன் மட்டை பிடிக்கிறான். பகடையில் மூன்று ஒன்றுகள் விழுகின்றன. அது இருநூற்றுப் பதினாறில் ஒரு வாய்ப்பு. அவ்விழுக்காடு தொடர்ந்து மூன்று முறை நிகழ்கிறது. ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. அட்டவணையின் தீர்ப்பு, எறிந்த பந்து தலையில் பட்டு மட்டையாளன் இறப்பான் என்பது. எறிந்தவன் ஜாக் கேசி என்னும் மற்றொரு புதியவன்.

திறனாய்வாளர் பலர் கதைத்தலைவரின் பெயரை ஆராய்வதில் பெரிதும் முனைந்துள்ளனர். ஜே. ஹென்றி வா என்பதை ஆங்கிலத்தில் எழுதி, மூன்று முதலெழுத்துகளோடு இறுதி எழுத்தையும் சேர்த்தால், எபிரேய மறையில் இறைவனைக் குறிக்கும் நான்கு மெய்யெழுத்துகள் கிடைக்கும். இது ஆசிரியர் கருதியே செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாவலை இந்தத் திறவுகோல் ஒன்றாலேயே திறக்க முயல்வது அதன் பொருளைச் சுருக்குவதாகும். ஹென்றி இறைவனின் உருவகம் என்பதைவிட, தாம் வகுத்த விதிக்குத் தாமே கட்டுப்பட்டுத் தவிக்கும் எழுத்தாளர் என்பதே இந்நாவலுக்கு வலிமை தருகிறது.

தவிப்பின் முடிவில் ஹென்றி செய்வது யாது? பின்னொரு நாள் கேசி பந்தெறியும்போது, அவர் பகடைகளை உருட்டவில்லை. மூன்று ஆறுகளைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அடிபட்ட பந்து தாக்கிக் கேசி மடிகிறான். கேசி செய்த குற்றம் என்ன? டேமனைக் கொன்றது பகடை. பகடைக்கு அதிகாரம் அளித்தது அட்டவணை. அட்டவணையை எழுதியவர் ஹென்றி. தம் விதியின் பழியைத் தம் படைப்பின்மீது சுமத்தி அவனைத் தண்டிக்கும் இவ்விடமே நாவலின் உச்சம். விருப்பமான பாத்திரத்தின் பொருட்டு மற்றொரு பாத்திரத்துக்கு நீதி மறுக்கும் எழுத்தாளர் அனைவருக்கும் இது பொருந்தும்.

இறுதி இயல் நூறு பருவங்களுக்குப் பிற்பட்டது. அங்கு ஹென்றி தோன்றுவதே இல்லை. டேமன், கேசி ஆகிய இருவரின் கதையும் சடங்காகிவிட்டது. இளம் வீரர்கள் அதனை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகின்றனர். நிகழ்ந்தது உண்மையா, புனைவா என்று தமக்குள் வாதிடவும் செய்கின்றனர். பேரேடுகளில் நீண்ட கணக்கு உடைய பிராக், டேமனின் தந்தை என்ற அளவில் ஒடுங்கிவிடுகிறான். ஒரு காலத்தை எண்களால் வென்றவன், சில நாளே ஆடி மறைந்தவனிடம் அக்காலத்தை இழக்கிறான். கேசியும் புகழ் பெறுகிறான். ஆனால் அவன் பெற்றது ஆட்டத்தால் அன்று, ஆசிரியரின் கையால்.

நாவலில் குறைகளும் உள. பெண்பாத்திரங்கள் ஆண்களின் இச்சைக்கு அப்பால் வளரவில்லை. பெயர்ச் சிலேடைகள் அளவுமீறிச் சில இடங்களில் கதையின் துயரத்தைக் குலைக்கின்றன. இறுதி இயல் முன்னறிவிப்பின்றித் தொடங்குவதால், முதன்முறை படிக்கும் மாணவர் திகைப்பர்; ஆசிரியரின் துணை அங்குத் தேவைப்படும்.

இந்நாவல் நம் வகுப்பறைக்கும் ஒன்றை உணர்த்துகிறது. இலக்கிய வரலாற்றை நாம் காலங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைச் சூட்டிக் கற்பிக்கிறோம். நினைவில் நிறுத்த அது உதவும். ஆயினும் அப்பெயர் பகடை தந்ததா, யாரோ ஒருவர் கையால் எடுத்து வைத்ததா என்று மாணவர் வினவ வேண்டும். எட்டுக் குழுக்கள் ஆடிய கழகத்தில் நூறு பருவங்களுக்குப் பின் சடங்கில் நிலைத்தவை ஒரு சில பெயர்களே. எஞ்சியோர் பதிவேட்டில் உறங்குகின்றனர். அவ்வேட்டைத் திறந்து படிக்கும் பழக்கத்தை மாணவரிடம் வளர்ப்பது ஆசிரியரின் கடமை. புகழ்பெற்ற பெயரை மனனம் செய்தல் கல்வியின் தொடக்கமே. அப்பெயருக்கு அருகில் நின்றவர் யாவர் எனத் தேடுதலே திறனாய்வின் தொடக்கம்.