தாளம் மாறிய இரண்டாம் ஆல்பம்

கெடாவில் ஹெவி மெட்டல் பற்றிப் பேச்செடுத்தால் 2001ஆம் ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. பிளாக் மெட்டல் குறித்த அச்சம் மலேசியாவெங்கும் கிளம்பிய அந்த ஆண்டில் இம்மாநிலத்துப் பள்ளி மாணவர்களும் விசாரணைக்கு ஆளானார்கள். சட்டையின் நிறத்தையும் முடியின் நீளத்தையும் பற்றி அப்போது பேசிய அளவுக்கு இசையைப் பற்றிப் பேசவில்லை. ஹெவி மெட்டலின் ஒரு கிளையை, புரோகிரசிவ் பவர் மெட்டலை, ஒரே கேள்வியோடு அணுகலாம்: முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு குழுவில் எது மாறுகிறது?

பெரும்பாலும் பாடகர்தான். ஜெர்மனியின் ஹெலோவீன் 1985இல் வெளியிட்ட ‘வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ’வில் கிதார் வாசித்த கய் ஹான்சனே பாடவும் செய்தார். 1987இல் மைக்கேல் கிஸ்கேயின் உச்சஸ்தாயிக் குரல் வந்து சேர்ந்தது. பவர் மெட்டல் பாடகர் என்றால் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. டிரீம் தியேட்டர், சிம்பனி எக்ஸ் ஆகியவற்றிலும் முதல் ஆல்பத்தின் பாடகர் இரண்டாவதில் இல்லை.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 1991இல் தொடங்கிய ஆங்க்ரா இதற்கு விலக்கு. பாடகர் ஆந்த்ரே மாட்டோஸ் இரண்டு ஆல்பங்களிலும் உண்டு. மாறியது டிரம்ஸ்.

‘ஏஞ்சல்ஸ் க்ரை’ (1993) ஹம்பர்க்கில் ஹான்சனின் ஸ்டூடியோவில் பதிவானது. டிரம்ஸில் பெரும்பகுதியை வாசித்தவர் ஜெர்மானியரான அலெக்ஸ் ஹோல்ட்ஸ்வார்த். தொடக்கத்திலேயே ஷூபர்ட், நடுவில் பகனினி, விவால்டி, போதாததற்குக் கேட் புஷ்ஷின் பாட்டு ஒன்று. குருமார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அரங்கேற்றம் மாதிரி: பிழையில்லை, கொஞ்சம் பயமும் இருக்கிறது. ‘நெவர் அண்டர்ஸ்டாண்ட்’ பாட்டின் முகப்பில் மட்டும் லூயிஸ் கொன்சாகாவின் பிரேசிலிய நாட்டார் மெட்டு எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்குகிறது.

‘ஹோலி லேண்ட்’ (1996) ஆல்பத்தில் ரிக்கார்டோ கான்ஃபெசோரி டிரம்ஸுக்கு வருகிறார். போர்த்துகீசியர் 1500இல் பிரேசில் கரையை அடைந்த காலம்தான் கதைக்களம். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘கரோலினா IV’ பிரேசிலியத் தாளவாத்தியங்களோடு தொடங்கி, மெட்டலின் வேகத்துக்குப் போய், ஆர்கெஸ்ட்ராவைத் தொட்டுத் திரும்புகிறது. தலைப்புப் பாடலில் பியானோவும் தாளமும் முன்னால் நிற்க, கிதார் பின்வாங்கி இடம்விடுகிறது. முதல் ஆல்பத்தில் அலங்காரமாக இருந்தது இங்கே பாட்டையே தாங்குகிறது. வேகத்துக்காக வந்த ரசிகனுக்கு ‘இஸட்.ஐ.டி.ஓ.’ ஆறுதல் தரும். எனக்கு அது பழைய வீட்டிலிருந்து வந்த பாட்டாகத்தான் கேட்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கரையில் நின்ற பழங்குடியினரை விடக் கப்பலில் வந்தவர்களின் கனவே இந்த ஆல்பத்தில் ஓங்கி ஒலிக்கிறது. தமிழகத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கி, கெடாவின் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடல்பயணம் இவ்வளவு சுகமான கற்பனையாக இருக்க நியாயமில்லை.

தமிழர் பக்கத்தில் ஆங்க்ராவுக்கு அருகே வைக்கத் தக்கது சிங்கப்பூரின் ருத்ரா. வகை வேறு, டெத் மெட்டல்; குரல் உறுமல். 1992இல் தொடங்கிய குழு 1998இல் தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தையும், கெடாவில் விசாரணை நடந்த அதே 2001இல் ‘தி ஆர்யன் குருசேட்’ ஆல்பத்தையும் வெளியிட்டது. பிறகு ‘பிரம்மவித்யா’ வரிசை. வேதாந்தம், சமஸ்கிருதம் என்று இந்தியா அவர்களிடம் பெரிதும் சொல்லாகவும் தத்துவமாகவும் வந்தது. தோட்டத்துக் கோயிலின் தாளம் அந்த அளவுக்கு வரவில்லை என்பது என் காதின் தீர்ப்பு.

அந்தத் தாளத்துக்குக் கெடாவில் பஞ்சமில்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, ஜனங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்த பிறகும் உறுமி மேளக் குழுக்கள் கூடவே வந்தன. காவடிக்கு அடிக்கும் இளைஞர்களின் வேகம் இரட்டை பேஸ் டிரம்முக்கு இளைத்ததல்ல. உறுமியை மெட்டலோடு சேர்ப்பதில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் உறுமியின் முனகல் ஒரு சுருதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். இரைச்சலேற்றிய கிதாரும் அதே கீழ்ச்சுருதிப் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் முழு ஒலியில் விட்டால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். ‘ஹோலி லேண்ட்’ தலைப்புப் பாடலில் செய்ததுபோல் கிதார்காரர் சில வரிகளுக்குக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மெட்டல் கிதார்காரர்களிடம் அதைக் கேட்டுப் பெறுவது லேசில்லை.