பாலமும் பானையும்

மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை; ஒலி மழுங்கினால் விரிசல். எஃகும் கான்கிரீட்டும் இணைந்த கூட்டு விட்டங்களில் சேதத்தை அதிர்வுகளால் அறியும் முறையை விளக்குவோர் இந்த உவமையைத்தான் பெரிதும் கையாளுகின்றனர். உவமை எளிது, ஆனால் அது உங்களிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கையை ஊட்டிவிடும்.

கொள்கையில் பிழையில்லை. விட்டத்தின் விறைப்பு குறைந்தால் அதன் இயல்பு அதிர்வெண் குறையும். ஒரே தடிப்புள்ள இரண்டு மரச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வளைத்துப் பாருங்கள். பிறகு அவற்றை நன்றாக ஒட்டிவிட்டு வளையுங்கள். விறைப்பு நான்கு மடங்காகியிருக்கும். கூட்டு விட்டத்தில் அந்தப் பசையின் வேலையைச் செய்பவை, எஃகின்மீது பற்றவைத்துக் கான்கிரீட்டினுள் புதைக்கப்படும் ஆணிகள். அவை முறிந்தால் இரு அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். முறிவு வெளியே தெரியாது. ஆகவே அதிர்வைக் கொண்டு அறிய முயல்வது நியாயமே.

ஆனால் அதிர்வெண் எவ்வளவு குறையும்? அது விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விட்டம் முழுவதிலும் விறைப்பு 10 சதவீதம் குறைந்தால்கூட அதிர்வெண் சுமார் 5 சதவீதமே குறையும். ஓரிடத்தில் மட்டும் சேதம் என்றால் இன்னும் சொற்பம்.

1993இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று இடிக்கப்பட இருந்தது. எஃகு விட்டங்கள்மேல் கான்கிரீட் தளம் அமைந்த பாலம். அதன் விட்டம் ஒன்றை வேண்டுமென்றே நான்கு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் அதிர்வை அளந்தார்கள். வெட்டுமுன் முதல் அதிர்வெண் விநாடிக்கு 2.48. முதலிரு வெட்டுகளுக்குப் பின் 2.52! வெட்ட வெட்ட ஏறியிருக்கிறது. மூன்றாம் வெட்டில் 2.46. விட்டத்தின் அடிப்பட்டை முழுவதும் அறுந்த பிறகுதான் 2.30 ஆயிற்று. அந்த நிலையில் பாலத்தைச் சுண்டிப் பார்க்கக் கருவி எதற்கு?

அதிர்வெண்ணை மாற்றச் சேதம்தான் வேண்டுமென்பதில்லை, வெயிலே போதும். அதே மாநிலத்து அலமோசா கேன்யன் பாலத்தில் 1996இல் ஒரு நாள் முழுவதும் அளந்தபோது, யாரும் எதையும் வெட்டாமலே முதல் அதிர்வெண் சுமார் 5 சதவீதம் ஏறி இறங்கியது. மேலே சொன்ன கணக்கை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வுக்கூடத்து நிழலில், இரு தாங்கிகள்மேல் கிடக்கும் ஒற்றை விட்டத்தில் கிடைத்த நல்ல முடிவுகளை அப்படியே ஆற்றுப் பாலத்துக்குப் பொருத்துவதுதான் தவறு.

முறையையே ஒதுக்கச் சொல்லவில்லை. அதிர்வெண் என்ற ஒற்றை எண்ணைவிட, அதிரும்போது விட்டம் எந்த வடிவில் வளைகிறது என்பதைப் பல இடங்களில் அளப்பது சேதத்தின் இடத்தையும் காட்ட வல்லது. ரியோ கிராண்டே பாலத்தின் அளவீடுகளைக் கொண்டே அத்தகைய ஐந்து கணக்கீட்டு முறைகளை ஒப்பிட்டார்கள். இறுதி வெட்டின் இடத்தை ஐந்துமே சரியாகச் சுட்டின. சிறிய வெட்டுகளில் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.