ஒரே இலக்கம், இரண்டு ஓட்டக்காரர்

இல்ல மெய்வல்லுநர் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். 100 மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளையை அதே வேகத்தில் மரதன் ஓடச் சொன்னால், முதல் கிலோமீற்றர் முடியுமுன்னரே இடுப்பில் கைவைத்து நின்றுவிடும். அதற்காக அந்தப் பிள்ளைக்கு ஓடத் தெரியாது என்று ஒருவரும் சொல்வதில்லை. எந்தப் போட்டிக்கு யாரை இறக்குவது என்பதுதான் பயிற்றுநரின் வேலை.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கணினிக் கடைக்கு வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தம்பி, இது ஐ5ஆ, ஐ7ஆ?" உயர்தரம் முடித்து அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகும் பிள்ளைக்காகக் காப்பை அடகு வைத்துச் சேர்த்த காசோடு நிற்பவர்கள் அவர்கள். அந்தக் கேள்வி போதாது என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

இன்டெல் 2023 ஜனவரியில் வெளியிட்ட இரண்டு கணினிச் செயலிகளை ஆட்டக்காரராக எடுப்போம். ஒருவர் மேசைக் கணினிக்கான கோர் ஐ5-13400. மற்றவர் மடிக்கணினிக்கான கோர் ஐ5-1335யூ. இரண்டும் ஐ5, இரண்டும் 13ஆம் தலைமுறை. இரண்டிலும் 10 கோர்கள், அதாவது செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள். இரண்டின் உச்ச வேகமும் 4.6 கிகாஹேர்ட்ஸ். விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் வாசித்தால் இரட்டைப் பிள்ளைகள் என்றே நினைப்போம்.

அணிப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறும். 13400இன் பத்தில் ஆறு வேகக் கோர்கள், நான்கு சிக்கனக் கோர்கள். 1335யூவில் வேகக் கோர்கள் இரண்டே இரண்டு, மற்ற எட்டும் சிக்கனக் கோர்கள். மேசைக்காரருக்கு அடிப்படை மின்வலு 65 வாட், உச்சத்தில் 148 வாட். மடிக்காரருக்கு அடிப்படை 15, உச்சம் 55.

ஆட்டத்தில் இது எப்படித் தெரியும்? உலாவியைத் திறப்பது, ஒரு கடிதம் தட்டச்சிடுவது, கணக்குத்தாளில் ஒரு நிரலைக் கூட்டுவது எல்லாம் சில விநாடி ஓட்டங்கள். ஒன்றிரண்டு கோர்களே போதும். இங்கே இருவரும் தோளோடு தோள் உரசித்தான் வருவார்கள். வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சாமத்தியச் சடங்கு வீடியோவைத் தொகுத்து வெளியே எடுக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். தொடங்கியதும் மடிக்கணினியின் காற்றாடி இரையும். திரையில் வேகம் காட்டும் எண் மேலே நிற்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு அந்த எண் படிப்படியாக இறங்கும். கணினி பழுதாகிவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். பழுது ஒன்றும் இல்லை. விரலளவு தடிப்பான உடலுக்குள் அவ்வளவு சூட்டைத் தாங்க முடியாமல் செயலி தானே மூச்சை அடக்கி ஓடுகிறது. மேசைக் கணினியோ பெரிய காற்றாடியும் அலுமினியத் தகடுகளும் துணைநிற்க 65 வாட்டில் மணிக்கணக்காகத் தொடரும். நீண்ட ஓட்டத்தில் வெற்றி மேசைக்கே. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதே பாடத்தை அப்பிளின் எம்1 இன்னும் சுத்தமாகக் காட்டியது. 2020இன் கடைசியில் அந்த ஒரே செயலி காற்றாடி இல்லாத மக்புக் எயாரிலும் காற்றாடி உள்ள மக் மினியிலும் வந்தது. குறுகிய வேலைகளில் இரண்டும் சமம். வேலை நீண்டால் எயார் பின்தங்கியது. ஆட்டக்காரர் ஒருவரே, மைதானம்தான் வேறு.

வன்னி மைதானத்தின் தன்மையும் இங்கே கணக்கில் வரவேண்டும். நாங்கள் வாசிக்கும் ஒப்பீட்டுப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் குளிர் அறைகளில், 21 பாகை அளவில் செய்யப்படுபவை. இந்த இரண்டு செயலிகளும் தாங்கும் எல்லை 100 பாகை. அங்கே சூடு வெளியேறக் கிடைக்கும் இடைவெளி 79 பாகை. சித்திரை மாதத்து முல்லைத்தீவில், தகரக் கூரையின் கீழ், அறை 35 பாகையில் இருந்தால் அந்த இடைவெளி 65 ஆகிவிடும். ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இழப்பு. அதற்கு மேல் செம்மண் தூசி. அதே மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டால், எந்த இலக்கம் போட்ட செயலியாலும் ஓட முடியாது.

இனி சிக்கனம். செயலி தின்னும் மின்சாரம் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை 20 வீதம் கூட்ட மின்னழுத்தத்தை 10 வீதம் உயர்த்த வேண்டியிருந்தால், செலவு 45 வீதம் கூடும். கடைசி இரண்டு அடி முந்துவதற்குத்தான் அதிக விலை. இதற்கு இன்டெலின் வாயாலேயே சாட்சி உண்டு. 2022இல் கோர் ஐ9-13900கே செயலியை அறிமுகப்படுத்தியபோது, அது 65 வாட்டிலேயே முந்தைய 12900கே 241 வாட்டில் தந்த வேலையைத் தரும் என்று அந்த நிறுவனம் காட்டியது. ஆனால் கடையில் விற்ற அதே 13900கேக்கு உச்ச எல்லை 253 வாட். அளவுக்கு மீறி ஓடினால் காயம் வரும் என்பதும் நிரூபணமானது. 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகளின் மேல்வகைகள் உயர் மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது.

வரலாறும் மடிக்கணினியின் பக்கமே பேசுகிறது. வேகத்தையே துரத்திய பென்டியம் 4 வரிசை சூட்டில் முட்டி நின்றது. 2004இல் அதன் அடுத்த வாரிசை இன்டெல் கைவிட்டது. 2006இல் மேசைக்கும் வந்த கோர் 2 டுவோ, மடிக்கணினிக்கென்று இஸ்ரேலின் ஹைபாவில் உருவான பென்டியம் எம் வழியில் பிறந்தது. அந்த ஆண்டுகளில் வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்வலையமைப்பு கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. மின்பிறப்பாக்கிக்கு ஊற்றிய எண்ணெயை எண்ணிப் பாவித்தவர்களுக்கு, ஒவ்வொரு வாட்டுக்கும் எவ்வளவு வேலை கிடைக்கிறது என்ற கேள்வியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இப்போது கரண்ட் இருக்கிறது, பட்டியலும் வருகிறது. மேசைக் கணினி திரையோடு சேர்த்து 100 வாட் எடுக்கிறது, ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம் ஓடுகிறது என்று வைத்தால் மாதம் 18 அலகு. மடிக்கணினி 20 வாட் என்றால் நாலு அலகுகூட இல்லை. 60 அலகைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண விகிதமே வேறு என்பதால், இந்தப் பதினான்கு அலகு சில வீடுகளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதற்கு நாடே இருண்டது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் சேமிக்காத ஒப்படை அந்தக் கணத்திலேயே போய்விடும். மடிக்கணினியில் பிள்ளை தொடர்ந்து தட்டச்சிடும்.

என் தீர்ப்பு இதுதான். படிப்பு, கடிதம், கணக்கு, இணைய வகுப்பு, சிறு நிரலாக்கம் என்றால் 15 வாட் மடிக்கணினி தாராளமாகப் போதும். அதே ஐ5 பெயருக்காக வீட்டில் 148 வாட் எரிக்க வேண்டாம். வீடியோத் தொகுப்பும் முப்பரிமாண வரைபும் தொழிலாக இருந்தால் மேசைக் கணினி, கூடவே யூபிஎஸ். தாய்ப்பலகையின் அமைப்பில் மின்வலு எல்லையைக் குறைத்து ஓட்டுங்கள், வேகத்தில் கொஞ்சம்தான் போகும், சூட்டில் நிறையக் குறையும். மாதமொரு முறை பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள்.

கடையில் ஐ5ஆ, ஐ7ஆ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இலக்கத்துக்குப் பின்னால் நிற்கும் எழுத்தைக் கேளுங்கள். யூ என்றால் சிக்கனம், எச் என்றால் மடிக்கணினியில் வேகம், கே என்றால் மேசையில் பசி. அடுத்து அடிப்படை எத்தனை வாட், உச்சம் எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் அன்றைக்குக் காசைக் கொடுக்காமல் வாருங்கள்.