அடுக்குகள் அடங்கும் அழகு

கணக்கின் அழகைப் பேச வருகிறவர்கள் பகா எண்களையோ பையின் முடிவில்லாத இலக்கங்களையோதான் எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்த அழகு பள்ளி நோட்டிலேயே இருக்கிறது: அடுக்குகளோடு வரும் இயற்கணிதப் பின்னம் ஒன்றை இன்னொன்றால் வகுத்து, எளிய வடிவில் சுருக்குவது. பலருக்கு அது தேர்வோடு முடிந்துபோன பயிற்சி. நிதானமாகச் செய்து பார்த்தால், ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லக்கூடிய நேர்த்தியான கலை அது.

ஒரு கணக்கைப் பார்ப்போம்.

(6 எக்ஸ்⁵ ஒய்²) / (எக்ஸ்² − 9) ÷ (3 எக்ஸ்² ஒய்⁵) / (எக்ஸ் + 3)

முதல் அடியிலேயே வகுத்தல் மறைந்துவிடுகிறது. வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம். இதை வெறும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இதிலுள்ள நியாயத்தின் சுவையை இழக்கிறார்கள். இரண்டு பின்னங்களையும் அந்தத் தலைகீழியால் பெருக்கினால் ஈவு மாறாது. ஆனால் வகுக்கும் பின்னம் 1 ஆகிவிடும். அதன்பின் வகுக்க என்ன இருக்கிறது? 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் தம் 'கணித சார சங்கிரக'த்தில் இந்த விதியைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எம். ரங்காசாரியாவின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அந்நூல் 1912-இல் சென்னையில் அச்சாகி வந்தது.

அடுத்தது பொறுமையைச் சோதிக்கும் இடம். மேலே எக்ஸ்⁵ நிற்கிறது, கீழே எக்ஸ்² − 9 நிற்கிறது. எக்ஸ்²-ஐ அடித்துவிடக் கை பரபரக்கும். கூட்டலாலும் கழித்தலாலும் கட்டுண்ட உறுப்பைத் தனியே பிரித்து அடிக்க முடியாது. பெருக்கலில் நிற்கும் காரணியை மட்டுமே அடிக்கலாம். ஆகவே எக்ஸ்² − 9 என்பதை (எக்ஸ் + 3)(எக்ஸ் − 3) என்று காரணிப்படுத்துகிறோம். இப்போது மேலே ஒரு எக்ஸ் + 3, கீழே ஒரு எக்ஸ் + 3. இரண்டும் நீங்குகின்றன.

இனி அடுக்குகள். எக்ஸ் மேலே ஐந்து முறை, கீழே இரண்டு முறை பெருக்கப்பட்டிருக்கிறது. மேலே மூன்று மிஞ்சும். ஒய் மேலே இரண்டு, கீழே ஐந்து. கீழே மூன்று மிஞ்சும். ஒரே கழித்தல், ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் உட்கார வைக்கிறது. இரண்டு அடுக்கும் சமமாக இருந்திருந்தால் அடுக்கு 0, மதிப்பு 1. யாரும் ஆணையிட்டு வந்ததல்ல அந்த 1. விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் வேறு எதுவும் அங்கே பொருந்தாது. 12-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தைச் சேர்ந்த அல்-சமாவல் ஒரு அட்டவணையே போட்டார்: நடுவில் 1, ஒரு பக்கம் அடுக்குகள், மறுபக்கம் அவற்றின் தலைகீழிகள். அதில் வகுப்பதென்றால், கட்டங்களை எண்ணி நகர்வதுதான். 1637-இல் டெகார்த் தம் 'வடிவியல்' நூலில் அடுக்கைச் சிறிய எண்ணாக மேலே ஏற்றி எழுதினார். அந்த எழுத்துமுறையில் கழித்தல் கண்ணுக்கே தெரிகிறது.

6-ஐ 3 ஆல் வகுத்தால் 2. விடை:

2 எக்ஸ்³ / ஒய்³(எக்ஸ் − 3)

எக்ஸுக்கு 5, ஒய்க்கு 1 போட்டுப் பாருங்கள். தொடக்கக் கோவை 18750/16-ஐ 75/8 ஆல் வகுக்கச் சொல்கிறது, 125 வருகிறது. சுருங்கிய கோவையில் 250/2, அதே 125. அத்தனை சுமையும் இறங்கியபின் மதிப்பு இம்மியும் மாறவில்லை.

ஆனால் தேர்ந்த ரசிகர் இங்கே நின்றுவிட மாட்டார். சுருங்கிய வடிவத்தில் எக்ஸுக்கு −3 போட்டால் 9/ஒய்³ என்று சாதுவாக ஒரு விடை வரும்; எக்ஸ் 0 என்றாலும் 0 வரும். மூலக் கணக்கிலோ இரண்டுமே ஆகாதவை. −3 போட்டால் பகுதி பூச்சியமாகும். 0 போட்டால் பூச்சியத்தால் வகுக்க நேரும். அடிபட்ட காரணிகள் கண்ணிலிருந்து மறைந்தாலும், அவை விதித்த தடை மறைவதில்லை. எக்ஸ் 3 ஆகாது, ஒய் 0 ஆகாது என்பவை விடையிலேயே தெரிகின்றன. மற்ற இரண்டையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது இந்த நேர்மையைத்தான். எக்ஸ் −3 ஆகாது, 0 ஆகாது என்று விடைக்குப் பக்கத்தில் எழுதியபின்தான் சுருங்கிய கோவை மூலக் கோவைக்கு முழுச் சமமாகிறது.