கரைதலும் தடுத்தலும்: கால்சியம் ஆக்சலேட் படிக ஆய்வுகளின் சொல்லாட்சி – ஒரு மதிப்பீடு

சிறுநீரகக் கல்லுக்கான மூலிகைகள் பற்றித் தமிழில் எழுதப்பெறும் அறிவியல் கட்டுரைகளில் ‘கல்லைக் கரைக்கும்’ என்னும் தொடர் பெருவழக்காகப் பயில்கிறது. சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு முதலியவற்றின் சாறு கால்சியம் ஆக்சலேட் படிகம் உருவாவதை ஆய்வுக்கூடத்தில் குறைத்தது என்பதே இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் காட்டும் முடிவு. உருவாவதைக் குறைத்தல் வேறு; உருவானதைக் கரைத்தல் வேறு. சோதனையில் தடுப்பாக நின்ற முடிவு, கட்டுரைத் தலைப்பில் கரைப்பாக மாறிவிடுகிறது. இதனை நடைப்பிழை என்று தள்ளிவிட இயலாது. சிறுநீர்க்குழாயில் அடைப்புடைய நோயர், கல் கரையுமென நம்பிக் காத்திருப்பின் சிறுநீரகத்தையே இழக்க நேரலாம்.

இம்மயக்கத்திற்கு அன்றாட வழக்கும் ஒரு காரணம். திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீர் வெயிலில் செறிந்து, தெவிட்டுநிலையைக் கடந்ததும் உப்பு ‘விளைகிறது’. மழை பெய்தால் விளைந்தது கரைந்தோடுகிறது. கரைதல் என்றவுடன் தமிழர் மனத்தில் எழுவது இக்காட்சியே. ஆனால் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 360 கிராம் கறியுப்பைக் கரைக்கும். கால்சியம் ஆக்சலேட்டையோ 7 மில்லிகிராம் அளவிற்கே கரைக்கும். மேலும், நலமுடையோரின் சிறுநீர்கூடக் கால்சியம் ஆக்சலேட்டைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் அதிதெவிட்டிய கரைசலாகவே உள்ளது. அதிதெவிட்டிய கரைசலில் படிகம் வளருமேயன்றிக் கரையாது. சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றி யூரிக் அமிலக் கல்லைக் கரைக்க முடியும். அவ்வாய்ப்பு கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு இல்லை. கல் எவ்வகையது என்று சுட்டாமல் ‘கரைக்கும்’ என எழுதுவது இவ்வேறுபாட்டை முற்றாக மறைக்கிறது.

சோதனை முறையிலும் இதே மயக்கம் தொடர்கிறது. கால்சியம் குளோரைடு, சோடியம் ஆக்சலேட் கரைசல்களைக் கலந்து, 620 நானோமீட்டர் அலைநீளத்தில் கலங்கலை அளந்து, சாறு சேர்த்தபோது கலங்கல் குறைந்தால் ‘தடுப்பு விழுக்காடு’ கணிக்கப்படுகிறது. உட்கரு உருவாதல், படிகம் வளர்தல், படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுதல் ஆகிய மூன்று நிகழ்வுகளும் இந்த ஓரெண்ணில் அடங்கிவிடுகின்றன. சாற்றிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டாலும் கலங்கல் குறையும்; அது மூலிகைக்கே உரிய தனிச்செயல் ஆகாது. அளவறிந்த சிட்ரேட் கரைசலை ஒப்பீட்டுக்கு வைக்காத ஆய்வு எதை அளந்தது என்று கூறுவது கடினம். மறுதலையாக, பெரிய ஒருநீரேற்றுப் படிகங்களுக்கு மாறாகச் சிறிய இருநீரேற்றுப் படிகங்கள் மிகுதியாகத் தோன்றுமாயின் கலங்கல் கூடக்கூடும். சிறுநீரோடு எளிதில் வெளியேறத்தக்க அந்த நல்விளைவை இம்முறை தோல்வி எனப் பதிவுசெய்யும். நுண்ணோக்கியில் எண்ணிக்கையையும் பருமனையும் வடிவத்தையும் காணாமல் எழுதப்பெறும் விழுக்காடு, இரு திசையிலும் பிழைபடக்கூடியது.

சோடியம் மெட்டாசிலிகேட் கூழ்மத்தில் படிகம் வளர்க்கும் முறை எளியது, பார்வைக்கும் அழகியது. ஆயின் அங்குப் படிகம் நாள்கணக்கில் அசைவின்றி வளர்கிறது. சிறுநீரக நுண்குழலில் நீர் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. மிதந்து செல்லும் படிகம் அதற்குள் குழலை அடைக்கும் பருமன் பெறாது என்று ஃபின்லேசனும் ரீடும் 1978-இல் கணித்துக் காட்டினர். படிகம் ஓரிடத்தில் பற்றிக்கொள்ள வேண்டும். அப்பற்றுக்கோடுகளுள் ஒன்று, 1937-இல் அலெக்சாண்டர் ரான்டல் சிறுநீரகக் காம்பில் விளக்கிய கால்சியம் பாஸ்பேட் படிவு. பற்றுமிடம் பற்றிய வினாவை எழுப்பாத கூழ்மச் சோதனை, படிகத்தைப் பற்றிப் பேசுகிறது. கல்லைப் பற்றி அன்று.

கசாயத்தோடு உட்கொள்ளும் நீரும் கணக்கில் வரவேண்டும். இத்தாலியில் போர்கி குழுவினர் 199 நோயரை ஐந்தாண்டுகள் கண்காணித்து 1996-இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாக நீர் பருகியோரிடம் கல் மீளத் தோன்றியது 12 விழுக்காடு. மற்றவரிடம் 27 விழுக்காடு. நீர் மட்டும் பருகிய ஒப்பீட்டுக் குழு இல்லாத மூலிகை ஆய்வின் பயனை மூலிகைக்கே உரித்தாக்க இயலாது.

இக்குறைகளைக் களையப் பெருஞ்செலவு தேவையில்லை. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்ற மாவட்டக் கல்லூரிகளிலும் சிட்ரேட் ஒப்பீட்டையும் நுண்ணோக்கி எண்ணிக்கையையும் மேற்கொள்ள இயலும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருப்பதால், நோயரிடமிருந்து அகற்றிய கற்களின் வகையறிந்து ஆராயவும் வழியுண்டு. சொற்களுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. ‘உட்கரு’ உயிரணுவியலில் வேறு பொருள் தருவதால் ‘வித்து’ எனலாம். வளர்ச்சிக்கு உப்பளத்து ‘விளைதல்’ உண்டு. ஒட்டிச் சேர்வதற்குத் ‘திரளுதல்’ போதும். ‘கரைதல்’ என்னும் சொல்லை, படிகத்தின் எடை உண்மையில் குறைந்ததை நிறுத்துக் காட்டிய ஆய்வுக்கு மட்டும் ஒதுக்குவது தகும்.