திண்ணை யாருக்குச் சொந்தம்?

ஊரின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பெரிய கட்டடங்களைப் பற்றியே பேசுகிறார்கள். மாளிகையும் மணிக்கூண்டும் நின்றால் ஊரும் நின்றுவிட்டதாக அவர்களுக்கு ஒரு திருப்தி. புதுச்சேரி விஷயத்தில் இந்தத் திருப்தி போதாது என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர் பகுதி. மேற்கே தமிழர் தெருக்கள். கடல் பக்கத்தை எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். உயர்ந்த மதில், மஞ்சள் பூச்சு, மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப் பூ. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீடுகளின் வாழ்க்கை மதிலுக்கு உள்ளே நடப்பது. வழிப்போக்கனுக்கு அங்கே கிடைப்பது காட்சி மட்டுமே.

மேற்கே உள்ள பழைய வீடு அப்படிப்பட்டதல்ல. தெருவை ஒட்டி மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரம். நடந்து போகிறவனுக்கு நிழல். அதை அடுத்துத் திண்ணை. உட்கார்ந்து இளைப்பாற இடம். அதற்குப் பிறகுதான் கதவும், உள்ளே முற்றமும். வீட்டுக்காரன் தன் வீட்டின் முகப்பையே தெருவோடு பகிர்ந்துகொண்டான். வீடு வீடாகத் தாழ்வாரம் தொடரும்போது தெருவுக்கே ஒரு கூரை கிடைத்துவிடுகிறது. இதைக் கட்டடக் கலை என்பதைவிட மரியாதை என்று சொல்லலாம்.

அந்தத் திண்ணையில் எல்லாரும் உட்கார முடிந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜாதி பார்த்து இடம் கொடுத்த திண்ணைகள் எத்தனையோ. ஆனால் அதற்குப் பரிகாரம் திண்ணையை எல்லாருக்கும் திறந்துவிடுவதே தவிர, கம்பிக் கிராதி போட்டு யாருக்கும் இல்லாமல் செய்வதல்ல.

பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்போரில் சிலர் கலப்பில்லாத பாணியைத் தேடுகிறார்கள். புதுச்சேரியில் அது வீண் தேட்டம். துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு 1738-ல் கட்டியது. கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டின் மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சு பாணிக் காரைத் தூண்கள். நாட்குறிப்பு எழுதியவருக்கு இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. 1761-ல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்தார்கள். இன்று நாம் பழமை என்று போற்றும் வெள்ளையர் தெருக்களில் பெரும் பகுதி அதற்குப் பிறகு எழுந்தது. ஆகவே புதிதாகக் கட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. எப்படிக் கட்டுகிறோம் என்பதே கேள்வி.

கடற்கரையில் இருந்த மேரி கட்டடத்தின் கதை எல்லாருக்கும் தெரியும். 1870-ஐ ஒட்டி எழுந்த நகர மன்றம். பல வருஷம் பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே உருவத்தில் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். வெற்றிடத்தைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நகல் நகல்தான். ஒழுகும் கூரையைக் காலத்தில் அடைத்திருந்தால் அசலே நின்றிருக்கும், செலவும் குறைந்திருக்கும்.

வைசியாள் வீதியில் நடந்தது வேறு விதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, வரிசையாக வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டார்கள். தனி மாளிகை ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் முழுத் தெருவை எடுத்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. 2008-ல் யுனெஸ்கோ அதற்கு விருது கொடுத்தது. அடுத்த தெருக்களும் அந்த வழியில் போயிருந்தால் விருதுக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

போகாததற்குக் காரணம் ரசனைக் குறைவு மட்டும் அல்ல. பாட்டன் கட்டிய வீட்டுக்கு இன்று ஏழெட்டுப் பங்குதாரர்கள். ஓடு மாற்ற வேண்டும், உளுத்த தூணை மாற்ற வேண்டும்; சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். விற்றால் பங்கு கைக்கு வரும். அடுக்கு மாடி எழும். தாழ்வாரம் இருந்த இடத்தில் கார் நிற்கும். அந்தப் பங்குதாரரிடம் போய்ப் பாரம்பரியம் என்று உபதேசம் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. அவருடைய தூணைப் பார்த்து ரசிப்பவர்கள் நாம். வெளியூர்க்காரரை அழைத்து வந்து காட்டிப் பணம் பண்ணுகிறவர்கள் வேறு சிலர். செலவு மட்டும் அவர் தலையிலா? வரிச் சலுகையும் செப்பனிடும் செலவில் பங்கும் தராமல் இடிக்காதே என்று சட்டம் போட்டால், அவர் வீட்டை இடிக்க மாட்டார். தானாக விழட்டும் என்று காத்திருப்பார்.

புதிதாகக் கட்டுகிறவரிடமும் பழைய தூணின் நகலைக் கேட்க வேண்டாம். சிமெண்டில் வார்த்த போலித் தூணைப் போல அருவருப்பானது வேறில்லை. மூன்றே மூன்று விஷயம் கேட்கலாம்: தெருவின் உயரத்தை மீறாதே, வீடுகளின் வரிசையை உடைக்காதே, நடப்பவனுக்கு நிழல் கொடு. உள்ளே அவர் எப்படி வேண்டுமானாலும் வாழட்டும்.

சுவருக்கு மஞ்சள் அடிப்பது ஒரு நாள் வேலை. வெயிலில் வருகிற முன்பின் தெரியாதவனுக்கு ஒதுங்க இடம் விட்டுக் கட்டுவதுதான் கடினம். பழைய புதுச்சேரிக்காரர்கள் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். நாம் காப்பாற்ற வேண்டியது அதைத்தான்.